பன்னிரண்டு பார் ஐஸ்: ராமநாதபுரம் கரையில் பீர் காய்ச்சப் போட்ட கணக்கு

என் மச்சினன் சிங்கப்பூரில் 9 வருஷம் இருந்தான். முதல் மூன்று வருஷம் கப்பல் பட்டறை. அப்புறம், சொந்தமாகப் பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற ஒரு கடையில் வேலை. டாங்க் கழுவப் போனவன் கடைசியில் காய்ச்சவே கற்றுக்கொண்டான். போன வருஷம் ஊருக்குத் திரும்பியபோது கையில் ஒரு நீல நோட்டு. முதல் பக்கத்தில் பீர்ச்சாறு கொதிக்கவைக்கிற கெட்டில் விலை, இரண்டாம் பக்கத்தில் அதைப் புளிக்கவைக்கிற டாங்க் விலை, மூன்றாம் பக்கத்தில் கூட்டிப் போட்டு அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தான்.

"மச்சான், மிஷின் விலையெல்லாம் கேட்டு முடிச்சுட்டேன். கூலிங் ஒண்ணுதான் பாக்கி. அது உங்க டிபார்ட்மெண்ட்" என்றான்.

நான் தொண்டியிலிருந்து மண்டபம் வரை ஐஸ் கம்பெனிகளுக்குக் கம்ப்ரஸர் வேலையும் ஆர்ஓ பிளாண்ட் வேலையும் பார்க்கிறவன். கடலோரத்தில் எந்த மிஷினும் வாங்கிய விலையோடு நிற்பதில்லை என்பதை இந்தத் தொழில் எனக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அந்த நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு மாதம் மல்லுக்கட்டினோம். பீர் ஆலை வைக்கலாமா என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் கெட்டிலின் விலையைத்தான் முதலில் கேட்கிறார்கள். கெட்டில்தான் இந்தக் கதையிலேயே மலிவான பாத்திரம்.

முதலில் சட்டத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் அது சீக்கிரம் முடிந்துவிடும். மதுவைப் பற்றிச் சட்டம் போடுவதும் வரி போடுவதும் அரசியல் சாசனப்படி மாநிலங்களின் அதிகாரம். நமக்கு இன்றும் அடிப்படைச் சட்டம் 1937-இல் ராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம்தான். 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள், சில வருஷத்தில் மறுபடி பூட்டினார்கள், 1981-இல் மறுபடி திறந்தார்கள். 1983-இல் டாஸ்மாக் வந்தது. 1987-இல் கள்ளும் சாராயமும் நின்றன. 2003-இலிருந்து சில்லறைக் கடைகளும் டாஸ்மாக் வசமே. பீர் ஆலைகளுக்கென்று 1983-ஆம் வருஷ விதிகள் உண்டு. ஆனால் அவை பெரிய ஆலையை மனதில் வைத்து எழுதியவை. காய்ச்சுகிற இடத்திலேயே ஊற்றி விற்கிற மைக்ரோபுரூவரிக்கு என்று தனி உரிமம் தமிழ்நாட்டில் இல்லை. காய்ச்சியதை உள்ளூரில் விற்க வேண்டுமென்றால் வாங்குகிற கை ஒன்றே ஒன்றுதான். லேபிளுக்கு ஒப்புதல், விலைக்கு ஒப்புதல், ஆலைக்குள் ஆயத்தீர்வை அதிகாரியின் கண்காணிப்பு. வீட்டில் பரிசோதனைக்கு என்று 20 லிட்டர் காய்ச்சிப் பார்ப்பதும் குற்றம்தான்.

ஒற்றை வாங்குகிறவரை நம்பித் தொழில் செய்வது எப்படியிருக்கும் என்று இந்தக் கரையில் யாருக்கும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. இறாலை ஒரே ஏஜெண்டுக்குப் போடுகிற படகுக்காரரைக் கேட்டால் போதும். விலை அவர் சொல்வது, பணம் அவர் கொடுக்கும்போது.

ஆகவே மச்சினன் திட்டம் வேறு: உரிமத்தைப் புதுச்சேரி ஆட்சிப் பகுதியில் எடுப்பது. அங்கே சட்டம் வேறு. மைக்ரோபுரூவரி அங்கே இயங்குகிறது, பெங்களூரில் 2010-க்குப் பிறகு பெருகியதைப் போல. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் புதுச்சேரிக்கு முன்பே காரைக்கால் வந்துவிடும், அதுவும் அதே ஆட்சிதான். ஆனால் அவனுக்கு ஆசையெல்லாம் நம் கரைமேல். உச்சிப்புளிப் பக்கம் அவனுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது, ராமேஸ்வரம் போகிற கூட்டம் முழுவதும் அந்த வழியாகத்தான் போகிறது. "சட்டம் என்னைக்காவது மாறும் மச்சான். மாறுறப்ப நம்ம கணக்கு ரெடியா இருக்கணும்" என்றான். சரி, கணக்கு போடுவதற்குக் காசா பணமா என்று நானும் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த முதல் நாளே தோப்பில் போர்த் தண்ணீரைப் பிடித்து, கரைந்த உப்பை அளக்கிற மீட்டரை விட்டுப் பார்த்தேன். லிட்டருக்கு 3,400 மில்லிகிராம் காட்டியது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்கிற அளவு 500, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். கடல் தண்ணீர் 35,000. அதாவது நாங்கள் கையில் வைத்திருந்த டம்ளரில் பத்தில் ஒரு பங்கு கடல் இருந்தது. மச்சினன் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "அங்கே குழாயைத் திறந்தா அப்படியே காய்ச்சலாம்" என்றான். அங்கே குழாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு அரசாங்கமே அந்தத் தண்ணீருக்கு உழைத்திருக்கிறது. இங்கே அந்த உழைப்பு மொத்தமும் நம் பட்ஜெட்டில் வரும்.

தண்ணியில்லாக் காடு என்று நம் மாவட்டத்தைச் சொல்வது பாதிதான் சரி. தண்ணீர் இருக்கிறது, எப்படி இருக்கிறது என்பதில்தான் விஷயம். கடலோர மணலில் பெய்கிற மழை கீழே இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு லேசான படலமாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க்காரர்களின் பழைய கணக்கு. இதையே திருப்பிப் படித்தால் பயமாக இருக்கும்: மேலே ஒரு அடி இறைத்துவிட்டால் கீழே உப்பு 40 அடி ஏறி வரும். தனுஷ்கோடி மணலில் பெண்கள் ஊற்று தோண்டி, சுரக்கச் சுரக்கக் கொட்டாங்கச்சியில் மொண்டு குடத்தில் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அது வறுமையால் வந்த பழக்கம் மட்டும் இல்லை, அந்தப் படலம் கொடுக்கிற வேகமே அவ்வளவுதான். அங்கே 5 எச்பி மோட்டாரை இறக்கினால் இரண்டு கோடையில் போர் உப்பாகிவிடும். பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்து கெடும், அந்தச் சண்டை தனி.

பீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். ஆனால் குடிக்கிற தண்ணீர் கணக்கு இதில் சின்னது, கழுவுகிற தண்ணீர் கணக்குதான் பெரியது. நவீனமான பெரிய ஆலைகள் ஒரு லிட்டர் பீருக்கு மூன்று நான்கு லிட்டர் தண்ணீரில் முடித்துக்கொள்கின்றன. சின்ன ஆலையில் ஏழு, எட்டு, சில இடத்தில் பத்து லிட்டரும் ஆகும். நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரு தடவைக்கு 1,000 லிட்டர் காய்ச்சுகிற ஆலை. ஏழு மடங்கு என்றால் 7,000 லிட்டர் நல்ல தண்ணீர். உப்புப் போரிலிருந்து ஆர்ஓ போட்டால், நம் பக்கத்துச் சின்னப் பிளாண்டுகளில் உள்ளே போவதில் பாதி நல்லதாக வந்தாலே பெரிது. அப்படியானால் 14,000 லிட்டர் இறைக்க வேண்டும், 7,000 லிட்டர் இன்னும் உப்பான கழிவாக வெளியே வரும். ஒரு காய்ச்சலுக்கு இவ்வளவு. காவிரிக் கூட்டுக் குடிநீரை இதற்குக் கேட்கலாமா என்று நீங்கள் நினைக்கலாம். குடத்தை வரிசையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிற தெருவில் பீருக்குக் குழாய் இணைப்பு கேட்டுப் பாருங்கள்.

கழுவுவதற்கு உப்புத் தண்ணீரே போதாதா என்று அவனே கேட்டான். இந்த இடத்தில்தான் என் தொழில் அனுபவம் குறுக்கே வந்து நின்றது. பீர் சாமான்களெல்லாம் துருப்பிடிக்காத எஃகு, விற்பவர்கள் கொடுப்பது பெரும்பாலும் 304 ரகம். தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டினால் 304-ஐ நம்பாதே என்பது எங்கள் வட்டத்தில் வழக்கமான கணக்கு. 316 என்றால் அதில் கொஞ்சம் மாலிப்டினம் சேர்த்திருப்பார்கள், ஆயிரம் வரை தாங்கும். அதுவும் பச்சைத் தண்ணீருக்குத்தான். சூடு ஏற ஏற இரண்டுக்கும் தெம்பு குறையும். பீர் ஆலையில் பாதி வேலை சூட்டில் நடக்கிறது. பளபளவென்று இருக்கிற தகடு, மேலே ஒன்றும் தெரியாது. ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வெல்டிங் ஓரத்தில்தான் முதலில் ஆரம்பிக்கும். ஐஸ் கம்பெனியில் பிரைன் டாங்க் என்கிற உப்புக் கரைசல் தொட்டியில், ஐஸ் உறையவைக்கிற கேன் அரிப்பது வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிற வேலை எங்களுக்கு. அங்கே கேன் ஓட்டையானால் ஐஸ் கொஞ்சம் கரிக்கும், அவ்வளவுதான், மீனுக்கு அது தெரியாது. இங்கே ஓட்டையில் கிருமி குடியேறும். ஒரு டாங்க் முழுக்கப் புளித்துப் போகும். ஆகவே கழுவுவதும் ஆர்ஓ தண்ணீரில்தான். நீல நோட்டில் ஆர்ஓ என்ற வார்த்தையே இல்லை.

ஆர்ஓ போட்டதும் வேலை முடியவில்லை. அது நல்ல உப்பையும் சேர்த்து எடுத்துவிடும். முளைகட்டிய பார்லியான மால்ட்டிலிருந்து சர்க்கரை ஒழுங்காக இறங்கவும், ஈஸ்ட் சுறுசுறுப்பாக இருக்கவும், பீர் தெளியவும் தண்ணீரில் கொஞ்சம் கால்சியம் வேண்டும், லிட்டருக்கு 50 முதல் 100 மில்லிகிராம். ஜிப்சத்தையோ கால்சியம் குளோரைடையோ அளந்து போடுவார்கள். இங்கிலாந்தில் பர்ட்டன் ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் தானாகவே இருந்தது, அந்த ஊர்க் கசப்புப் பீருக்குப் பேர் வந்தது. செக் நாட்டுப் பில்சன் ஊர்த் தண்ணீர் உப்பே இல்லாத மெல்லிய தண்ணீர், அதற்கேற்ற பொன்னிறப் பீர் அங்கே பிறந்தது. நம் ஊர்த் தண்ணீருக்கு என்ன பீர் பிறக்கும் என்று கேட்டால், ஜெர்மனியில் கோஸ்லர் ஊர் வழியாக ஓடுகிற ஆற்றின் பெயரில் கோசே என்று ஒரு பீர் இருக்கிறது. அதில் உப்பும் கொத்தமல்லி விதையும் போட்டுப் புளிப்பாகக் காய்ச்சுவார்கள். வாலிநோக்கம் உப்பளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேள்விப்பட்டபோது நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஆனால் அதுவும் அளந்து போடுகிற உப்புதான், போரில் வருகிற உப்பு இல்லை.

இனி ஒரு நாள் காய்ச்சலைப் பார்ப்போம். 5 சதவீதம் சாராயம் உள்ள பீர் 1,000 லிட்டருக்கு மால்ட் ஏறக்குறைய 200 கிலோ. மால்ட் என்பது முளைவிட்டு உலர்த்திய பார்லி, கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைப்பது போலத்தான். பார்லி நம் மாநிலத்தில் பெரிய அளவில் விளைவதில்லை. ராஜஸ்தான், ஹரியானா, பஞ்சாப் பக்கத்திலிருந்து லாரியில் வரவேண்டும். கசப்பு கொடுக்கிற ஹாப்ஸ் பூ பெரும்பாலும் ஜெர்மனி, அமெரிக்கா. அதைக் குளிரில் வைக்காவிட்டால் மணம் போய்விடும், ஆக அது வாங்கிய நாளிலிருந்தே கரண்ட் சாப்பிடும். மால்ட்டை உடைத்து 65 டிகிரிச் சுடுதண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவு சர்க்கரையாகிறது. வடித்து எடுத்த சாற்றை ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவிட வேண்டும். சுடுதண்ணீர், கொதி, ஆவியாகிற நீர் எல்லாம் சேர்த்து நான் போட்ட கணக்கில் கடைகளுக்குப் போகிற 19 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்று அப்படியே காலி. நம் மாவட்டம் முழுக்கச் சீமைக் கருவேல் இருக்கிறதே, விறகுக் கொதிகலன் வைத்தால் என்ன என்று யோசித்தோம். வைக்கலாம், செலவு குறையும். ஆனால் கொதிகலனுக்கென்று ஆள், அனுமதி, பரிசோதனை என்று வேறு ஒரு நோட்டு ஆரம்பமாகிவிடும்.

கொதித்த சாற்றைச் சட்டென்று ஆற்றவேண்டும். ஆறுகிற நேரத்தில்தான் காற்றிலிருக்கிற கண்ட கிருமியும் விழும். குளிர் நாடுகளில் குழாய்த் தண்ணீரே 10, 12 டிகிரியில் வருகிறது. தகடுகளை அடுக்கிச் செய்த பிளேட் கூலரின் ஒரு பக்கம் அதை விட்டால் மறுபக்கம் சாறு ஆறிவிடும், அதற்குத் தனியாகக் காசில்லை. நம் தொட்டித் தண்ணீர் சித்திரையில் கையை வைத்தால் வெதுவெதுவென்று இருக்கும். அதை விட்டு 35 டிகிரி வரை இறக்கலாம், அதற்கு மேல் அது நகராது. மீதி 15 டிகிரியை மிஷின்தான் இறக்க வேண்டும்.

எனக்கு எதையும் ஐஸ் பாரில் மாற்றிப் பார்த்தால்தான் புரியும். 1,000 லிட்டரை 35-லிருந்து 20-க்கு இறக்க 50 கிலோ பார் நான்கு கரைய வேண்டும். அப்புறம் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது அதுவே சூடு கக்கும், அதற்கு ஒரு வாரத்தில் மூன்று பார். கடைசியில் பீரைத் தெளியவைக்க 2 டிகிரிக்குக் கொண்டுபோவதற்கு நான்கரை. கூட்டினால் பதினொன்றரை, பன்னிரண்டு பார் என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு விசைப்படகு ஒரே நடைக்கு ஏற்றிக்கொண்டு போகிற ஐஸோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. "அவ்ளோதானா மச்சான்!" என்று அவன் முகம் மலர்ந்தது.

சிக்கல் எவ்வளவு என்பதில் இல்லை, எப்போது என்பதில் இருக்கிறது. முதல் நான்கு பாரும் ஒரே மணி நேரத்தில் வேண்டும். அதை நேரடியாக எடுக்க 5 டன் கம்ப்ரஸர் தேவை, மற்ற நேரமெல்லாம் அது சும்மா நிற்கும். அதனால் முதல் நாள் ராத்திரியே, உறையாத திரவமான கிளைகால் உள்ள தொட்டியைக் குளிர வைத்துச் சேர்த்து வைப்பார்கள். மீதி பார்களோ இரண்டு மூன்று வாரத்துக்குச் சொட்டுச் சொட்டாக, ஒரு நாளும் நிற்காமல் வேண்டும். ஐஸ் கம்பெனியில் கரண்ட் போனால் ஐஸ் உறைவது நான்கு மணி நேரம் தள்ளிப்போகும், மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். புளிக்கிற பீர் காத்திருக்காது. சூடு 20-லிருந்து 28-க்கு ஏறினால் ஈஸ்ட் வெறிபிடித்து ஓடும், பீரில் வார்னிஷ் வாடை வரும், தலைவலி பீர் என்று பேர் எடுத்துக் கொடுக்கும். ஆகவே ஜெனரேட்டர் கட்டாயம். அதோடு, சூட்டை வெளியே தள்ளுகிற, உப்புக்காற்று படுகிற கன்டன்சர். இங்கே அலுமினியத் தகடு வைத்த கன்டன்சரை வெளியில் வைத்தால் மூன்று நான்கு வருஷத்தில் கையில் பொடியாக வரும்.

நேரம்தான் இந்தத் தொழிலில் பெரிய செலவு. சாதாரண ஏல் வகைப் பீர் டாங்க்கில் இரண்டு வாரமாவது இருக்கும். நம் ஊரில் விற்கிறது லாகர் வகை, அது நான்கிலிருந்து ஆறு வாரம். கெட்டில் ஒரே நாளில் வேலையை முடித்துவிட்டு வாரம் முழுக்க வெறுமனே நிற்கும். வாரத்துக்கு இரண்டு தடவை காய்ச்ச வேண்டுமென்றால் ஏலுக்கே நான்கைந்து டாங்க், லாகருக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு. ஒவ்வொன்றும் இரட்டைச் சுவர், நடுவில் கிளைகால் ஓட்டம், அழுத்தம் தாங்கவேண்டும், தனி வால்வு, தனி மீட்டர். நோட்டில் அவன் இரண்டு டாங்க் எழுதியிருந்தான். சிங்கப்பூர்க் கடையில் இரண்டுதான் இருந்ததாம். அந்தக் கடை மாதத்துக்கு நான்கு காய்ச்சல்தான் காய்ச்சியது, குடிக்கிறவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார், ஒரு கிளாஸுக்கு அவர் கொடுத்த விலை வேறு.

1,000 லிட்டர் காய்ச்சினால் 1,000 லிட்டர் விற்க முடியாது. வண்டல், குழாய், வடிகட்டி, நுரை என்று பத்துச் சதவீதம் போகும். 900 லிட்டர் என்றால் 650 மில்லி பாட்டில் 1,380 சொச்சம். பாட்டிலில் அடைத்தால் மூடி அடிக்கிற மிஷின், பாட்டிலோடு சூடுபடுத்துகிற தொட்டி, லேபிள், பெட்டி. அடைக்காமல் பீப்பாயில் அங்கேயே ஊற்றினால் இத்தனையும் மிச்சம். மைக்ரோபுரூவரி என்ற ஏற்பாடு பிழைத்திருப்பதே இந்த மிச்சத்தில்தான், அதற்குத்தான் இங்கே உரிமம் இல்லை.

வரியில் இன்னொரு பள்ளம் இருக்கிறது, கணக்குப்பிள்ளை சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது. குடிக்கிற மது ஜிஎஸ்டிக்கு வெளியே. கேட்டவுடன் சந்தோஷமாக இருக்கும். ஆனால் மால்ட், பாட்டில், டாங்க், கம்ப்ரஸர், என் கூலி எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி உண்டு. சோப்புக் கம்பெனிக்காரர் வாங்கும்போது கட்டியதை விற்கும்போது கழித்துக்கொள்வார். பீர்க்காரருக்கு அந்தக் கழிவு கிடையாது. கட்டியது கட்டியதுதான். அதற்குமேல் மாநில ஆயத்தீர்வை, உரிமக் கட்டணம். இத்தனையும் முதல் பாட்டில் விற்பதற்கு முன்னால்.

கழிவைப் பற்றி நோட்டில் ஒரு வரி இருந்தது: "சக்கை மாட்டுக்கு." அது நல்ல வரிதான். 200 கிலோ மால்ட்டில் ஈரச் சக்கையும் அதே அளவுக்கு, கொஞ்சம் கூடவே வரும். மாடு விரும்பித் தின்னும். ஆனால் நம் வெயிலில் ஒன்றரை நாளில் புளித்துப் பூஞ்சை பிடிக்கும், ஆகவே காய்ச்சுகிற அன்றே எடுத்துக்கொண்டு போக மாட்டுக்காரர் வாசலில் நிற்க வேண்டும். திரவக் கழிவுதான் தலைவலி. ஈஸ்ட், சர்க்கரைச் சாறு, காஸ்டிக் சோடா, ஆசிட் எல்லாம் கலந்த தண்ணீர் அது. அதன் பிஓடி, அதாவது அந்த அழுக்கு சிதையத் தின்கிற ஆக்ஸிஜன், லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் எளிதாகப் போகும். தோப்பில் பாய்ச்சுவதற்கு விதி அனுமதிக்கிறது 100. சுத்திகரிப்புத் தொட்டி கட்டாமல் முடியாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016-இல் தொழில்களை நிறம் பிரித்தபோது பீர் தயாரிப்பை, அதிகம் மாசுபடுத்துகிறவற்றுக்கான சிவப்பில்தான் வைத்தது. எதிரே மன்னார் வளைகுடா, 21 தீவுகளோடு 1986-இலிருந்து தேசியக் கடல் பூங்கா. கரையை ஒட்டிக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், அதற்குள் தொழிலுக்கென்று போர் போட்டு இறைக்கவே தடை. ஆர்ஓ கழித்த 7,000 லிட்டர் உப்பு நீரை எங்கே விடுவது என்பதற்கு எங்களிடம் கடைசிவரை பதில் இல்லை. தோப்பில் விட்டால் தென்னை போகும், கடலில் விட்டால் நாங்கள் போவோம்.

புளிக்கும்போது வருகிற வாயுவையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது ஆளைக் கொல்கிற விஷயம். ஒரு 1,000 லிட்டர் டாங்க்கிலிருந்து 40 கிலோ கரியமில வாயு வரும், இருபதாயிரம் லிட்டர் காற்று அளவுக்கு. கனமானது, தரையோரம் தேங்கும். பாழுங்கிணற்றில் தூர்வார இறங்கியவர் மயங்கி, அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்குகிற கதை நம் கிராமங்களில் எத்தனை. குளிர் போகக்கூடாதென்று கதவை அடைத்த அறையில் இதே கிணறுதான் இருக்கிறது. சிங்கப்பூரில் சுவரில் மணியடிக்கிற மீட்டர் இருந்ததாம். நோட்டில் அதையும் சேர்த்தோம்.

இரண்டு மாதம் கழித்து நோட்டில் மொத்தம் முதலில் போட்டதைப்போல மூன்றேகால் மடங்கு ஆகியிருந்தது. கெட்டில் விலை மட்டும் மாறவேயில்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மாமனார் ஒரு நாள் கேட்டார்: "மரத்துல தானா காய்ச்சி எறங்குறத விட்டுட்டு எதுக்குடா இந்தப் பாடு?" சாயல்குடிப் பக்கத்தில் பனை ஏறியவரின் மகன் அவர். அவர் கேட்டதில் அர்த்தம் இருக்கிறது. பனையிலிருந்து இறங்குகிற சாற்றில் சர்க்கரை நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு. நாங்கள் 200 கிலோ மால்ட்டும் ஒரு சிலிண்டரும் செலவழித்து எடுக்கிற சாற்றிலும் அதேதான். மரத்தில் கட்டுகிற முட்டியில் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் காற்றிலிருக்கிற ஈஸ்ட் விழுந்து, பொழுது சாய்வதற்குள் கள். கெட்டில் வேண்டாம், கூலர் வேண்டாம், ஆர்ஓ வேண்டாம். ஆனால் மறுநாள் சாயங்காலம் அது காடி. பீர் ஆலையில் நாம் கொட்டுகிற காசெல்லாம், இன்று காய்ச்சியது மூன்று மாதம் கழித்தும் அதே ருசியில் இருப்பதற்குக் கொடுக்கிற விலை. கள்ளுக்கு அந்த விலையும் இல்லை, 1987-க்குப் பிறகு இங்கே அனுமதியும் இல்லை. கேரளாவில் அது கடையில் விற்கிறது.

அப்போது மச்சினனுக்கு ஒரு யோசனை வந்தது: அதே கெட்டில், அதே பிளேட் கூலர், அதே பாட்டில் மிஷின், உள்ளே பதநீர். பீருக்குள்ள சட்டச் சிக்கல் இல்லை, மாசி முதல் ஆனி வரை சரக்கு கிடைக்கும். எல்லோரும் இங்கே வந்துதான் கைதட்டுவார்கள். எனக்குக் கைதட்ட முடியவில்லை, ஏனென்றால் பதநீரை அடைப்பது பீரைவிடக் கஷ்டம். பீருக்குத் தற்காப்பு நிறைய: புளிப்பு, சாராயம், ஹாப்ஸின் கசப்பு, கரியமில வாயு. மனிதனைக் கொல்கிற கிருமி அதில் வளராது. கெட்டுப்போனாலும் வயிற்றைக் கெடுக்குமே தவிர ஆளைக் கெடுக்காது. பதநீரோ இனிப்பு, புளிப்பே இல்லாதது, சுண்ணாம்பு கலந்தது. அப்படியே மூடிபோட்டு வெளியில் வைத்தால் பாட்டில் வெடிக்கும். லேசாகச் சூடுபடுத்தி மூடினால் அதைவிட ஆபத்து, சூட்டுக்குச் சாகாத கிருமி விதைகள் காற்றில்லாத இடத்தில் விஷம் வைக்கும். 121 டிகிரியில் வேகவைத்தால் பாதுகாப்பு, ஆனால் அப்புறம் அது பதநீர் இல்லை, கருப்பட்டித் தண்ணீர். எலுமிச்சை விட்டுப் புளிப்பாக்கலாம், ருசி மாறும். இல்லையென்றால் மரத்தடியிலிருந்து குடிக்கிறவர் கை வரைக்கும் குளிரிலேயே கொண்டுபோக வேண்டும். எட்டுப் பத்து லிட்டரைக் காய்ச்சி ஒரு கிலோ கருப்பட்டியாக்கி வைத்த நம் பாட்டிமார் கணக்குத் தெரியாமல் அதைச் செய்யவில்லை.

குளிரிலேயே கொண்டுபோவது என்ற கடைசி வழியைத்தான் அவன் பிடித்துக்கொண்டான். அது என் டிபார்ட்மெண்ட், தப்பிக்க முடியவில்லை. மூடிப்போன ஒரு இறால் கம்பெனியிலிருந்து பழைய பிளேட் கூலர் ஒன்றை எடைக்கு வாங்கி வந்தான். போன வாரம் தோப்பில் அதைப் பிரித்தோம். 46 தகடு. துடைத்து வைத்தபோது கண்ணாடி மாதிரி மின்னின, அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிச் சூரியனுக்கு நேரே பிடிக்கச் சொன்னேன். முதல் ஐந்து தகடு நன்றாக இருந்தது. ஆறாவதில், ரப்பர் உட்காருகிற பள்ளத்தின் ஓரமாக, வரிசையாக நான்கு நட்சத்திரம்.

46-இல் 17 அப்படி. அவன் தகடுகளை இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்துவிட்டு நோட்டை எடுத்தான்.

"316-ல புதுத் தகடு ஒண்ணு என்ன வெலை மச்சான்?"